வீட்டு எஸ்பிரெசோவுக்குப் பர் கிரைண்டர் தேர்ந்தெடுக்கும் முறை

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் கடைவீதியில் ‘கிரைண்டர் வேண்டும்’ என்று கேட்டால் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரைத்தான் காட்டுவார்கள். காப்பிக்கு என்று விளக்கிச் சொன்னால் மிக்ஸியின் சிறிய ஜாரை எடுத்து முன்னால் வைப்பார்கள். பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பம் ‘காப்பிக்குரு’ என்றும் நாங்கள் ‘காப்பிக்கொட்டை’ என்றும் சொல்லி ஒரே வெயிலில் காய வைக்கும் இந்த ஊரில், அந்தக் கொட்டையை எஸ்பிரெசோவுக்கு ஏற்ற பதத்தில் அரைக்கும் கருவியைத் தொட்டுப் பார்த்து வாங்க ஒரு கடை இல்லை. இணையத்தில் படம் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதால், படத்தில் தெரியாத எந்த விவரத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொட்டையை அரைக்கும் பல்லமைந்த பாகமான பர்ரின் விட்டம், மோட்டாரின் வாட், வெளிப்புறத்தின் பளபளப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அரைக்கும் பதத்தை எவ்வளவு சிறிய அளவில் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதுதான். அது சரியாக இருக்கும் சுமாரான கிரைண்டரை வைத்துக்கொண்டு நல்ல காப்பி போட முடியும். அது இல்லாத விலையுயர்ந்த கிரைண்டரை வைத்துக்கொண்டு தினமும் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டும்.

எஸ்பிரெசோ என்பது, அழுத்தி நிரப்பிய காப்பித்தூளின் ஊடே ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி எடுப்பது. 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் காப்பி இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்பது தூள் ஒன்றே என்பதால், பதம் சற்றுக் கொரகொரப்பானால் 10 விநாடியில் புளிப்புத் தண்ணீராக ஓடிவிடும். சற்று நைசானால் இயந்திரம் முனகிக்கொண்டிருக்க, கசப்பு சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் பித்தளை ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் இறங்குகிறது; பத்து நிமிடம் ஆனாலும் இருபது நிமிடம் ஆனாலும் டிகாக்‌ஷன் டிகாக்‌ஷனாகவே இருக்கும். அந்தப் பொறுமை எஸ்பிரெசோவுக்குக் கிடையாது.

இதை நான் அறிந்துகொண்டது பணம் செலவழித்த பிறகுதான். இயந்திரத்தை வாங்கிவிட்டு, வீட்டில் மிக்ஸி இருக்கும்போது கிரைண்டர் எதற்கு என்று நினைத்தேன். மிக்ஸியின் கத்தி கொட்டையை அரைப்பதில்லை, அடிக்கிறது; அடிபட்டது மாவாகவும் தப்பியது நொய்யாகவும் கிடக்க, சல்லடையில் சலித்தும் பயனில்லை. பிறகு கேரளத்துச் சுல்தான் பத்தேரியில் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரச் சேட்டன் கேட்டது ஒரே கேள்வி: ஃபில்டருக்கா, கட்டனுக்கா (பாலில்லாக் காப்பிக்கா)? எஸ்பிரெசோவுக்கு என்றதும், எந்திரத்தை ஒரு சுற்று இறுக்கி அரைத்துத் தந்தார். முதல் நாள் 40 விநாடி, ஒரு வாரம் கழித்து அதே பொட்டலத்தில் 18 விநாடி. அவர் மீது குறை இல்லை. அரைத்த தூள் ஒவ்வொரு நாளும் பழசாகிறது, அதற்கு ஏற்பப் பதத்தை மாற்ற என் கையில் ஒன்றுமில்லை என்பதே குறை.

பர் என்பது புதிய பொருள் அல்ல, நம் திருகையின் இரும்புப் பேரப்பிள்ளை. திருகையில் நடுக்குழியில் போட்ட உளுந்து இரண்டு கல்லுக்கும் இடையே உடைந்து உடைந்து விளிம்புக்கு வந்து, அந்த இடைவெளியின் அளவுக்குச் சிறுத்த பின்புதான் வெளியே விழுகிறது. தட்டைப் பர் செய்வதும் அதையேதான். கூம்புப் பர்ரில், குழிக்குள் சுழலும் குழவியைப் போல, ஒரு கூம்பு வளையத்துக்குள் சுழன்று கொட்டையைக் கீழ்நோக்கி இழுத்து அரைக்கிறது. இரண்டிலும் இடைவெளியை நாம் குறிப்பதுதான் பதம்.

முதலில் இயந்திரத்தின் கூடையைப் பாருங்கள்

கிரைண்டர் வாங்குவதற்கு முன், உங்கள் இயந்திரத்தின் கைப்பிடியில் தூள் நிரப்பும் கூடையைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியெங்கும் நூற்றுக்கணக்கான துளைகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர்க் கூடை. உள்ளே துளைகள் இருந்தும் வெளிப்புறத்தில் நடுவே ஒரே ஒரு ஊசித்துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கூடை. பின்னதில் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஊசித்துளையே அன்றி உங்கள் தூள் அல்ல. ஆகவே கடையில் அரைத்த தூளிலும் நுரை வரும். கிரைண்டரை மாற்றிச் சுவையில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்கவும் முடியாது. அப்படிப்பட்ட கூடைதான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. எளிய பர் கிரைண்டர் ஒன்றே போதும்.

ஒரு கிளிக் எத்தனை மைக்ரான்

பதம் மாற்றும் அமைப்பு இரண்டு வகை. ஒன்று படிப்படியாக, கிளிக் என்ற ஒலியுடன் நகர்வது. மற்றொன்று படியே இல்லாமல், பழைய ரேடியோவின் குமிழ்போல எந்த இடத்திலும் நிற்பது. படியில்லாதது எஸ்பிரெசோவுக்கு எப்போதும் போதுமானது. படி உள்ளதை வாங்கும்போதுதான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு எளிது: பதம் மாற்றும் திருகாணியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பர் எவ்வளவு மேலே அல்லது கீழே போகிறதோ, அதை ஒரு சுற்றில் வரும் கிளிக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கிளிக்கின் அளவு கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்ந்து, அதில் 12 கிளிக் இருந்தால், ஒரு கிளிக் சுமார் 83 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே 1 மி.மீ.க்கு 60 கிளிக் இருந்தால் 16 மைக்ரானைச் சற்றுத் தாண்டும்.

டைம்மோர் சி2 இந்த 83 மைக்ரான் வகையைச் சேர்ந்தது. ஃபில்டருக்கும் கட்டனுக்கும் நேர்த்தியாக அரைக்கும் அந்தக் கைக் கிரைண்டர் எஸ்பிரெசோவில் தடுமாறுவதற்குக் காரணம் பர்ரின் தரம் அல்ல, இந்த 83தான். ஒரு கிளிக்கில் 15 விநாடியில் ஓடும், அடுத்த கிளிக்கில் அடைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய 27 விநாடி அந்த இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும். கிங்கிரைண்டர் கே6 கிளிக்குக்கு 16 மைக்ரானும், ஒன்-ஸெட்பிரெசோ ஜே-அல்ட்ரா 8 மைக்ரானும் நகர்கின்றன. மின்சாரக் கிரைண்டர்களில் பரட்சா என்கோர் இஎஸ்பி, தன் 40 படிகளில் முதல் 20 படிகளை எஸ்பிரெசோவுக்கென்றே நெருக்கமாக வைத்திருக்கிறது. என் அனுபவத்தில் 20 மைக்ரானுக்குள் இருந்தால் வீட்டுக்குப் போதும். அதற்கு மேல் இருந்தால், தூளின் எடையை அரைக் கிராம் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கலாம் என்பார்கள். சமாளிக்கலாம்தான், ஆனால் காலை ஆறு மணிக்கு அந்தப் பொறுமை எத்தனை நாளுக்கு இருக்கும் என்பதை அவரவரே அறிவர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தயாரிப்பாளர்கள் சொல்லும் மைக்ரான், பர் மேலும் கீழும் நகரும் தூரம். தட்டைப் பர்ரில் அதுவே இடைவெளியின் மாற்றம். கூம்புப் பர்ரில் சுவர்கள் சாய்ந்திருப்பதால் உண்மையான இடைவெளி அதைவிடக் குறைவாகவே மாறும். எனவே கூம்பின் 16ஐயும் தட்டையின் 16ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

கூம்பா தட்டையா என்ற வாதத்தில் நான் அதிகம் இறங்க விரும்பவில்லை. கூம்பு அரைத்த தூளில் மாவு போன்ற நுண்துகள் சற்று அதிகம், அதனால் காப்பிக்குக் கனம் கூடும். தட்டைப் பர் தரும் துகள்கள் பெரும்பாலும் ஒரே அளவை நெருங்குவதால் சுவைகள் தனித்தனியாகத் தெரியும் என்பது பொதுவான கருத்து. இளம் வறுவல் அராபிகா வகைக் கொட்டையைப் பாலில்லாமல் அருந்துபவர் தட்டையை நாடலாம். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. எல்லைக்கு அப்பால் வயநாடு முழுவதும் ராபஸ்டா. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் அதுவே மிகுதி. அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபீனும், தடித்த நுரையும், கனமும் உடைய அந்தக் கொட்டையை நடுத்தர வறுவலுக்கு மேல் வறுத்துப் பாலோடு குடிக்கிற வீட்டில், கூம்பின் கனம் குறையாகத் தெரியப் போவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது கூம்புதான்.

விட்டத்தைப் பற்றி ஒரு வரி போதும்: கைக் கிரைண்டரில் 38 முதல் 48 மி.மீ. வரையிலும், வீட்டு மின்சாரக் கிரைண்டரில் 40 மி.மீ. கூம்பு முதல் டிஎஃப்64 போன்றவற்றின் 64 மி.மீ. தட்டை வரையிலும் கிடைக்கிறது. பெரியது வேகமாக அரைக்கும் என்பதைத் தாண்டி, விட்டத்தைப் பார்த்தே தரத்தை முடிவு செய்ய முடியாது.

கையா, கரண்டா

இரண்டு பேர் காலையில் ஆளுக்கு ஒரு காப்பி குடிக்கும் வீட்டுக்குக் கைக் கிரைண்டரே என் பரிந்துரை. அதே பணத்தில் மின்சாரக் கிரைண்டர் வாங்கினால் பணத்தின் பெரும்பங்கு மோட்டாருக்கும் உறைக்கும் போய்விடுகிறது. கைக் கிரைண்டரில் அது பர்ருக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் போகிறது. ஆனி, ஆடியில் காற்றும் மழையுமாக மரம் முறிந்து கம்பி அறுந்து நாள் முழுக்கக் கரண்டு இல்லாமல் போவது தேவாலா, சேரம்பாடிப் பக்கம் புதிதல்ல. நெம்புகோலால் இழுத்து எடுக்கும் எஸ்பிரெசோ கருவியும் கைக் கிரைண்டரும் இருந்தால் அன்றைக்கும் காப்பி தடைப்படாது.

ஆனால் எஸ்பிரெசோ பதத்தில் 18 கிராம் அரைப்பது விளையாட்டு அல்ல. கருக வறுத்த கொட்டை அரை நிமிடத்தில் அரைபடும். இளம் வறுவல் கொட்டைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், தோளும் சேர்ந்து உழைக்கும். என் மாமியார் முதல் நாள் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, “இதுக்கு நான் அம்மியிலேயே அரைச்சிருப்பேன், மாப்பிள்ளை” என்றார். நாலைந்து பேர் குடிக்கும் வீடு, மூட்டு வலி உள்ளவர்கள் இருக்கும் வீடு என்றால் தயங்காமல் மின்சாரக் கிரைண்டருக்குப் போய்விடுங்கள்.

மின்சாரத்தில் வாங்குவோர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்ற குறிப்பைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது. வளைகுடா நாடுகளிலிருந்து உறவினர் கொண்டுவருவது பெரும்பாலும் நம் வோல்டேஜுக்கு ஒத்துப்போகும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது, அதனால் சிலவகை மோட்டார்கள் மெதுவாக ஓடிச் சூடேறும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் இருப்போர் முதலில் மோட்டாரை ஓடவிட்டு, அது வேகம் பிடித்த பின் கொட்டையைச் சிறிது சிறிதாகப் போடுவது, மோட்டார் திணறி நிற்பதைப் பெருமளவு தவிர்க்கும்.

மழையும் மிச்சத் தூளும்

கிரைண்டர்கள் மேலே ஒரு கூம்புக் கலத்தில் கால் கிலோ கொட்டையை நிரப்பி வைத்துக்கொண்டு வேண்டியபோது அரைப்பவை, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் போட்டு முழுவதையும் அரைத்து வெளியே தள்ளுபவை என இரு வகைப்படும். தென்மேற்குப் பருவமழையில் தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று. அங்கே அடுக்களையில் திறந்து வைத்த அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும். அப்படிப்பட்ட காற்றில் கொட்டையைக் கலத்தில் நிரப்பி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். இறுக மூடிய டப்பாவிலிருந்து வேண்டிய 18 கிராமை மட்டும் நிறுத்துப் போடுவதே இப்பகுதிக்குப் பொருந்தும் என்பதால், அதற்கென அமைந்த கிரைண்டரையே தேடுங்கள்.

அதில் பார்க்க வேண்டியது உள்ளே தங்கும் தூளின் அளவு. 18 கிராம் போட்டு 17.8 கிராம் வந்தால் சரி. 16 கிராம்தான் வருகிறது என்றால் மீதி உள்ளே உட்கார்ந்துகொண்டு நாளைக் காலைக் காப்பியில் பழைய தூளாகக் கலக்கும். பதத்தை மாற்றும்போதும் முந்திய பதத்தின் தூள்தான் முதலில் வெளியே வரும் என்பதால், மாற்றியது பலித்ததா என்றே தெரியாமல் குழம்புவீர்கள்.

மழை விட்டுப் பனி தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் வேறொரு தொல்லை: காற்று உலர்ந்ததும் தூளில் நிலைமின்னூட்டம் ஏறி, கிண்ணத்தின் சுவரிலும் சட்டைக் கையிலும் ஒட்டிக்கொள்ளும். அரைப்பதற்கு முன் கொட்டையில் ஓரிரு துளி நீர் தெளித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் அது பெரும்பாலும் அடங்கும். இவ்வாறு நீர் சேர்ப்பது மின்னூட்டத்தைக் குறைப்பதை 2023இல் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆடி மாதத்தில் இதற்கு அவசியமே இல்லை.

களத்துக் கல்

தோட்டத்துக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுப்போர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். களத்தில் காய்ந்த கொட்டையோடு கடுகளவுக் கல் வருவது இயல்பு. கடையில் கிடைக்கும் தரம் பிரித்த கொட்டையில் இது அரிது. சாக்கிலிருந்து நேரே அள்ளியதில் அரிதல்ல. எங்கள் முதல் கைக் கிரைண்டர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய பீங்கான் பர். ஒரு நாள் ‘டக்’ என்று நின்றது. திறந்து பார்த்தபோது பல் ஒன்று அரிசி முனை அளவுக்குப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த துண்டு தூளுக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து வறுக்கும் முன் முறத்தில் புடைத்து, வறுத்த பின் வெள்ளைத் தட்டில் பரப்பி ஒருமுறை பார்த்த பின்பே அரைக்கிறோம். எஃகுப் பர்ரும் கல்லில் பழுதாகும், ஆனாலும் பீங்கானைப் போல நொறுங்காது. ஆகவே இப்பகுதிக்கு எஃகுப் பர். அதிலும் உதிரிப் பர் தனியே விற்பனைக்கு உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

சிக்கரியைக் கிரைண்டரில் போடவே கூடாது. ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் பொருள் அது. பர்ரின் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். சிக்கரி கலந்த தூளை ஒற்றைச் சுவர்க் கூடையில் நிரப்பினாலும் ஊறி அடைத்துக்கொள்ளும். வீட்டில் பெரியவர்களுக்கு ஃபில்டர் காப்பியில் சிக்கரி இருந்தே தீர வேண்டும் என்றால், காப்பியைத் தனியே அரைத்துக் கிண்ணத்தில் கலந்துகொள்ளலாம்.

பெட்டி வந்த அன்று

திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, கூம்பின் தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால், எத்தனை மைக்ரான் என்று அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, பதத்தை முழுவதும் இறுக்கிக்கொண்டே போய்ப் பர்கள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது. அதுவே சுழியம், எஸ்பிரெசோ பதம் அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தட்டைப் பர்ராக இருந்தால் மூன்றாவதாக, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பர்ரின் வெளி விளிம்பில் வெள்ளைப் பலகை மார்க்கரால் மை தடவி, உரசும் வரை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்து பாருங்கள். மை வட்டம் முழுவதும் அழிந்திருந்தால் பர்கள் நேராக அமர்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு இருக்கிறது, பர்ரின் அடியில் மெல்லிய அலுமினியத் தாளை வைத்துச் சரிசெய்யலாம், அல்லது திருப்பி அனுப்பலாம்.

பிறகு, விலை குறைந்த கொட்டை அரைக் கிலோ வாங்கி அரைத்துப் பர்ரைப் பழக்குங்கள். புதிய பர்ரின் பதம் முதல் சில நாள் நிலையாக நிற்காது. பதம் பிடிக்கும்போது தூளின் எடையையும் காப்பியின் எடையையும் மாற்றாமல், கிளிக்கை மட்டும் மாற்றுங்கள். தூளை விரலிடையில் தேய்த்தால் மைதாவைவிடக் கொரகொரப்பாகவும் நைஸ் ரவையைவிட மென்மையாகவும் இருப்பது நல்ல தொடக்கம். விநாடி குறைந்தால் ஒரு கிளிக் இறுக்குங்கள், கூடினால் ஒரு கிளிக் தளர்த்துங்கள்.

எஃகுப் பர்ரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், இம்மழையில் மறுநாளே துரு பூக்கும். உலர்ந்த பிரஷ் போதும். பச்சரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்ற யோசனையையும் ஏற்காதீர்கள், பச்சரிசி வறுத்த கொட்டையைவிடக் கடினமானது.

பழையதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 40 கிராம் அரைத்தாலும் ஆண்டுக்கு 15 கிலோவுக்குள்தான் வரும். எஃகுப் பர் நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும். பர்ரைக் கழற்றி நகத்தால் பல்லின் விளிம்பை வருடிப் பாருங்கள்; நகம் சிக்கினால் கூர்மை இருக்கிறது, வழுக்கினால் தேய்ந்துவிட்டது, உதிரிப் பர்ரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். எங்கள் வீட்டுக் கிரைண்டர் அப்படி வாங்கியதுதான். அடுக்களை நாட்காட்டியில் ஒவ்வொரு பொட்டலம் பிரிக்கும் நாளிலும் கிளிக் எண்ணைக் குறித்து வருகிறோம்: சித்திரையில் 31, ஆடியில் 34, இப்போது 32.